4.3 செக்கனை அளந்தது யார்?

கொழும்பு யூனியன் பிளேஸ் பக்கம் ஒரு வாகன இறக்குமதி நிறுவனத்தில் தமிழ்ப் பிரசுரங்கள் எழுதுவது என் வேலை. விலைப்பட்டியல், பத்திரிகை விளம்பரம், காட்சியறையில் காருக்குப் பக்கத்தில் நிற்கும் விவர அட்டை எல்லாம் ஆங்கிலத்தில் என் மேசைக்கு வந்து தமிழில் திரும்பும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது அந்த வேலையும் ஏறத்தாழ நின்றுபோனது. ஐந்து வருடம் சேர்விஸ் அறிவித்தல்களையே எழுதிக்கொண்டிருந்தேன். 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அப்புறம் சில மாதங்களில் ஒரு புதிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரின் விவரத்தாள் வந்தது. அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது பழைய சந்தோஷம் திரும்பியது போல இருந்தது.

ஆங்கிலத் தாளில் வேக வளர்ச்சிக்கு ஒரே ஒரு எண். பூச்சியத்திலிருந்து மணிக்கு 60 மைல், 4.3 செக்கன். பக்கத்தில் ஒரு நட்சத்திரம். தாளின் அடியில், எறும்பளவு எழுத்தில், இது தயாரிப்பாளரின் உத்தேசம் என்று ஒரு வரி.

நான் இரண்டு தவறு செய்தேன். இங்கே மைல் கணக்கு யாருக்கும் பழக்கமில்லை, 60 மைல் என்றால் நூறு கிலோமீற்றர்தானே என்று 0–100 என எழுதினேன். அட்டையில் வரி ஒரு சொல் கூடிப்போகிறது, ஏதாவது ஒன்றைக் குறைத்துத் தாருங்கள் என்று வடிவமைப்பாளர் கேட்டார். 'உத்தேசம்' என்ற சொல்லை எடுத்தேன். கழித்தாலும் வாக்கியம் ஓடுகிற சொல் அது. இரண்டு நிமிட வேலை.

செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் மகனோடு வந்து அந்தக் காரைப் பதிவு செய்தார். பணம் கட்டி முடித்து, தேநீர் வரும்வரை விவர அட்டைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த நாலு தசம் மூண்டு செக்கனை ஆர் அளந்தது?"

கம்பனி சொன்னது, முதலாளி என்றேன்.

"சொன்னது சரி. அளந்தது ஆர்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. உள்ளங்கையை விரித்து, அதில் ஏதோ கிடப்பது போல மெல்ல மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். "ஒரு சங்கிலியைக் கையில தூக்கினா ரெண்டேகால் பவுண் எண்டு சொல்லிப்போடுவன். முப்பது வருசக் கை. பெரிசாப் பிழைக்காது. ஆனா பில்லில நான் எழுதிறது தராசு சொன்னதை மட்டும்தான்."

அன்று மாலை மேசையில் உட்கார்ந்து ஆங்கிலத் தாளை மறுபடி எடுத்தேன். 60 மைல் என்பது 96.56 கிலோமீற்றர். மிச்சம் மூன்றரை கிலோமீற்றர் வேகம் சும்மா வராது. இந்த ரகக் காருக்கு அதற்கு மட்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு செக்கன் பிடிக்கும். என் பேனா அந்தக் காருக்கு அதை இனாமாகக் கொடுத்திருந்தது.

உத்தேசக் கணக்கு என்பது வாய்க்கு வந்த எண் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வேன். கார் சந்தைக்கு வருவதற்கு முன்பே பொறியியலாளர்கள் அதன் எடை, எஞ்சின் வலு, கியர் விகிதம், ரயரின் பிடி எல்லாவற்றையும் கணினியில் போட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாக ஒரு காரை விடாமல் உந்தினால் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட 2.83 செக்கன் போதும். ஏறத்தாழ 39 மீற்றர் உயரத்திலிருந்து விழும் கல் நிலத்தைத் தொடும்போது இருக்கும் வேகம் அது. சாதாரண வீதி ரயர் அந்தப் பிடியை முழுதாகத் தருவதே பெரிய காரியம். ஆகவே கணக்குப் போடுகிறவர்கள் எல்லையைத் தெரிந்துதான் போடுகிறார்கள். அவர்கள் நட்சத்திரம் வைக்கிறார்கள். அதை அழிப்பது என்னைப் போன்றவர்கள்.

உத்தேசம் எப்போதும் காரை வேகமாக்கித்தான் சொல்லும் என்றும் இல்லை. 2020 இல் வந்த போர்ஷே 911 டர்போ எஸ் காருக்கு 60 மைலை எட்ட 2.6 செக்கன் என்று நிறுவனம் சொன்னது. அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் சஞ்சிகை அளந்தபோது 2.2 வந்தது. டொயோட்டா சுப்ராவின் 2020 மாடலுக்கு நிறுவனம் சொன்னது 4.1, அதே சஞ்சிகை அளந்தது 3.8. இதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த அளவைகளுக்கு உள்ளேயும் ஒரு சங்கதி இருக்கிறது. அதைக் கட்டுக்குருந்தவில்தான் கண்ணால் பார்த்தேன்.

கார் வந்து இறங்கியதும் முதலாளி ஒரே ஒரு விஷயம் கேட்டார். ஒரு தரம் ஒழுங்காக அளந்து பார்ப்போம். களுத்துறைக்குக் கிட்ட இருக்கும் கட்டுக்குருந்த ஓடுபாதை உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை அமைத்த விமானத்தளம். பிறகு கார்ப் பந்தயங்களுக்குப் பழகிப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினோம். முதலாளி, மகன், நான், பஞ்சிகாவத்தையில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் நானா. அளக்கும் ஜீபீஎஸ் பெட்டி நானாவுடையது. கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி, சின்னத் திரை, கண்ணாடியில் ஒட்டும் ரப்பர்க் கிண்ணம்.

முதல் ஓட்டத்தில் பின்சக்கரம் சுழன்று 5.2 வந்தது. ரயர் சூடேறிய பிறகு எண் இறங்கியது. காற்றும் சரிவும் ஏமாற்றாமல் இருக்க நானா இரு திசையிலும் ஓட்டச் சொன்னார். கடல் பக்கத்திலிருந்து வரும்போது 4.90, போகும்போது 4.84. சராசரி 4.87. ஒவ்வொரு எண்ணையும் முதலாளி தன் கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினார். மகன் கைபேசியில் வேகமானியைப் படம் பிடித்திருந்தான். அதில் நேரம் பார்த்தால் 4.6. ஏனென்றால் முள் நூறைத் தொட்டபோது பெட்டி 96 என்றுதான் காட்டியது. சர்வதேச விதிப்படி வேகமானி உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டக் கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். அதனால் முள்ளைப் படம் பிடித்து நேரம் பார்த்தால் கார் இருப்பதைவிட விரைவாகத்தான் தெரியும்.

எட்டு மணிக்கு வெயில் ஏறியது. அதே கார், அதே ஓட்டுநர், 5.1. எஞ்சின் வலுவை அறிவிக்கும்போது தரமாக எடுப்பது 25 பாகை வெப்பக் காற்று. நம் கரையோரத்தில் காலையிலேயே அதைத் தாண்டிவிடும், ஈரப்பதம் வேறு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, எஞ்சினுக்குப் போகும் ஒட்சிசனும் குறைவு. இங்கே பெரும்பாலான பெற்றோல் செட்டுகளில் கிடைப்பது 92, 95 ஒக்டேன். வெளிநாட்டுப் பரிசோதனைப் பாதையில் என்ன ஊற்றினார்கள் என்று எந்த விவர அட்டையும் எழுதுவதில்லை.

பிறகுதான் நானா அந்தப் பெட்டியில் ஒரு வித்தை காட்டினார். சேமித்து வைத்த ஓட்டத்தைத் திரையில் திறந்தார். "தம்பி, பாருங்க" என்று அமைப்பில் ஒரு பொத்தானை அழுத்தினார். 4.87 என்று இருந்த சராசரி 4.59 ஆனது. கார் ஓரங்குலம்கூட நகரவில்லை, மரத்தடியில் பொனட் திறந்து ஆறிக்கொண்டிருந்தது.

காரின் முதல் அடி ஓட்டத்தைக் கணக்கிலிருந்து கழிக்கும் பொத்தான் அது. டிராக் பந்தயம் என்பது நேர்கோட்டில் ஓடும் குறுந்தூரப் பந்தயம். அமெரிக்காவில் அதன் பாதையில் முன்சக்கரம் ஒரு ஒளிக்கதிரை மறித்து நிற்கும். சக்கரம் உருண்டு அந்தக் கதிரை விட்டு விலகிய பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் கார் ஏறத்தாழ ஓர் அடி, 30 சென்றிமீற்றர், போய்விடும். கடிகாரம் தொடங்கும்போது கொஞ்சம் வேகம் ஏற்கெனவே கையில் இருக்கும். அந்த வழக்கத்தை அமெரிக்கச் சஞ்சிகைகள் வீதிக் கார்களின் அளவைக்கும் கொண்டுவந்தன. டெஸ்லா மாடல் எஸ் பிளெயிடின் 1.99 செக்கன்கூட இந்த முதல் அடியைக் கழித்த எண்தான், அடிக்குறிப்பில் அப்படியே சொல்லியிருக்கிறார்கள்.

நானா இன்னொரு பொத்தானை அழுத்தி, முடிவை 100 கிலோமீற்றரிலிருந்து 60 மைலுக்கு மாற்றினார். 4.38.

நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விவரத்தாளில் இருந்த 4.3 பொய்யில்லை. குளிரான ஊரில், நல்ல பாதையில், முதல் அடியைக் கழித்து, 60 மைலோடு நிறுத்தினால் அந்தக் கார் அதைச் செய்யும். நான் எழுதிய 4.3 தான் எங்கேயும் நடக்காத ஒன்று. அதை முதலாளியிடம் அங்கேயே சொன்னேன். சொல் போனதும் மைல் போனதும் என் கையால்தான் என்றேன். அவர் பில் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். "கார் எனக்குப் பிடிச்சிருக்கு. எண்ணைத் திருத்தும்."

திங்கட்கிழமை விற்பனை மேலாளரிடம் போனேன். அளந்த எண் 4.87 என்றால் போட்டி நிறுவனத்தின் அட்டைக்குப் பக்கத்தில் நம் கார் மெதுவாகத் தெரியும் என்றார். அவர் பயம் நியாயமானது. அந்த அட்டையில் இருப்பதும் உத்தேசம்தான், யாரும் அதை இங்கே அளக்கவில்லை என்று சொன்னேன். பேச்சு மூன்று நாள் நீண்டது. கடைசியில் இரண்டு எண்ணும் போகலாம் என்று முடிவானது. 0–60 மைல், 4.3 செக்கன், தயாரிப்பாளரின் உத்தேசம். 0–100 கி.மீ., 4.87 செக்கன், கட்டுக்குருந்தவில் அளந்தது, இரு திசைச் சராசரி, முதல் அடி கழிக்கவில்லை. வடிவமைப்பாளர் இரண்டாவது வரியைச் சின்ன எழுத்தில் அடியில் போட்டார்.

அச்சான முதல் அட்டையைச் செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோனேன். முதலாளி நகை பார்க்கும் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து அடிவரியை வாசித்தார். ஒரு தரம் வாசித்து, மறுபடி வாசித்தார்.

"எல்லாம் சரி தம்பி. ஆனா இதை வாசிக்க எனக்கு உந்தக் கண்ணாடி தேவைப்படுது."

அடுத்த அச்சில் இரண்டு வரியும் ஒரே அளவு எழுத்தில் போயின.