எங்கள் தெருக் கோபுரமும் நான் கையெழுத்திடாத மனுவும்

திருத்துறைப்பூண்டியில் நான் குடியிருக்கும் தெருவில், ஒரு வீட்டின் மொட்டை மாடியில் செல்போன் கோபுரம் வரப்போகிறது என்ற செய்தி பரவியதும், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்பதற்கு ஒரு மனு தயாராகிவிட்டது. கோபுரத்தின் கதிர்வீச்சினால் புற்றுநோய் வரும், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பாதிக்கப்படுவார்கள், ஆகவே அதைத் தடுக்க வேண்டும் என்பதே மனுவின் சாரம். அந்த மாடியில் கோபுரம் வருவதை நானும் விரும்பவில்லை. இருந்தும் மனுவில் நான் கையெழுத்திடவில்லை. ஏனென்றால் அதில் எழுதியிருக்கும் காரணம் நிற்காது, நிற்கக்கூடிய காரணங்கள் அதில் எழுதப்படவே இல்லை.

கதிர்வீச்சுப் பேச்சுக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது, உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கோபுரமும் கைப்பேசியும் பயன்படுத்தும் ரேடியோ அலைகளை 2011 மே மாதத்தில் '2பி' என்ற பிரிவில் சேர்த்ததுதான். புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயம் உண்டு, போதிய சான்று இல்லை என்பதே அப்பிரிவின் பொருள். ஆசிய நாடுகளில் மரபாகச் செய்யப்படும் காய்கறி ஊறுகாயும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அந்த ஐயமுங்கூட முக்கியமாகக் காதோடு ஒட்டிவைத்துப் பேசும் கைப்பேசியை முன்வைத்து எழுந்ததே தவிர, தெருக்கோடியில் நிற்கும் கோபுரத்தை வைத்து எழுந்ததன்று. இதற்குப் பிறகு இந்திய அரசு, 2012 செப்டம்பர் 1 முதல், கோபுரங்களின் கதிர்வீச்சுக்கான உச்ச அளவைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்றிருந்தது 0.45 வாட் ஆயிற்று. மேலும், கோடியக்கரைக் கலங்கரை விளக்கத்தின் ஒளி அதன் அடிவாரத்தில் விழாமல் கடலை நோக்கிப் போவதைப் போல, ஆன்டெனாவின் அலையும் பெரும்பகுதி பக்கவாட்டில் வெளிநோக்கியே செல்கிறது. தூரம் இரு மடங்கானால் அதன் செறிவு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

கோபுரத்தை ஊருக்கு வெளியே வெகுதூரம் துரத்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று நம்புகிறவர்கள், நம் கையிலிருக்கும் கருவியை மறந்துவிடுகிறார்கள். சிக்னல் வலுவாக இருக்கும் இடத்தில் கைப்பேசி மிகக் குறைந்த ஆற்றலிலேயே பேசி முடிக்கும். சிக்னல் தேய்ந்த இடத்திலோ தன் முழு ஆற்றலையும் செலவிட்டுக் கோபுரத்தை எட்டப் பார்க்கும், அதுவும் நம் காதுக்குப் பக்கத்திலிருந்து. ரேடியோ அலைக்கு உண்மையாகவே அஞ்சுகிறவர் கோபுரத்தைச் சற்று அருகில் கேட்பதுதான் முறை.

நீதிமன்றத்திலும் இந்த வாதம் உறுதியான துணையன்று. 2012 நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளிகள், மருத்துவமனைகள், விளையாட்டு மைதானங்கள் ஆகியவற்றிலிருந்து கோபுரங்களை அகற்றச் சொன்னது உண்மையே. ஆனால் அதற்கு முன்பே, 2006-இல், வெறும் அச்சத்தின் பேரில் ஒரு கிராமப் பஞ்சாயத்து அனுமதியை மறுக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஒருவருக்குச் சாதகமான தீர்ப்பை மட்டும் நகலெடுத்து மனுவோடு இணைப்பது பிறரை ஏமாற்றுவதற்கு முன் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

என் கவலை வேறு. கோபுரம் வரவிருக்கும் வீடு, தூண்கள் இல்லாமல் செங்கல் சுவர்களே பாரம் தாங்கும்படி கட்டப்பட்ட பழைய வீடு. அதன் மேல் இரும்புக் கம்பங்களும் ஆன்டெனாக்களும் ஏறும். பேட்டரி அடுக்குகளையும் மாடியிலேயே வைப்பார்கள் என்றால் பாரம் இன்னும் கூடும். பாரத்தைக் காட்டிலும் காற்று எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்ததையும் மின்கம்பங்கள் முறிந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். அந்தக் காற்று மறுபடியும் வரும். அப்போது மாடியிலிருந்து கம்பம் சாய்ந்தால் வாடகை வாங்கும் வீட்டின் மேல்தான் விழும் என்பதற்கு என்ன உறுதி இருக்கிறது?

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 2022 ஆகஸ்டில் செய்யப்பட்ட விதித் திருத்தம், தனியார் கட்டடத்தில் கோபுரம் வைப்பதற்கு உள்ளாட்சியின் அனுமதி தேவையில்லை, முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்தால் போதும் என்று நிறுவனங்களுக்கு வழியை எளிதாக்கியபோதும், கட்டடம் பாதுகாப்பானது என்று கட்டமைப்புப் பொறியாளர் அளித்த சான்றின் நகலையும் உடன் கொடுக்கச் சொன்னது. அந்தச் சான்றைப் பார்த்தீர்களா என்று மனு எழுதியவர்களைக் கேட்டேன். அப்படி ஒன்று உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஜெனரேட்டர். கோடையில் மின்சாரம் போனால் அது நள்ளிரவிலும் ஓடும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. வாடகை ஒரு வீட்டுக்கு, டீசல் புகையும் இரைச்சலும் சுற்றியுள்ள வீடுகளுக்கு என்ற இந்த ஏற்பாட்டில், வீட்டு உரிமையாளரின் சம்மதம் மட்டும் போதும், அண்டை வீட்டாரை ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கோபுரமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் கருவிக்குச் சிக்னல் கிடைக்காமல் வயதானவர்கள் காத்து நிற்பதை எல்லோரும் பார்க்கிறோம். கஜாவுக்குப் பிறகு மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல், வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்கு 'உயிரோடு இருக்கிறோம்' என்று சொல்ல வழியில்லாமல் தவித்ததும் மறக்கக்கூடியதன்று. தரையில் ஆழமாக அடித்தளம் போட்டு, வீடுகளிலிருந்து சற்று விலகிய வெற்றிடத்தில் எழுப்பும் கோபுரம் எங்கள் பகுதிக்கும் சிக்னல் தரும். மாடியே வேண்டும் என்பது செலவு பற்றிய கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே நகராட்சிக்குத் தனியாக ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொறியாளர் சான்றின் நகல் வேண்டும், அது புயல் காற்றைக் கணக்கில் கொண்டதா என்று தெரிய வேண்டும், ஜெனரேட்டருக்குப் பதிலாகக் கூடுதல் பேட்டரி வைக்க முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்க வேண்டும், மாற்று இடத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்பவை மட்டுமே அதில் இருக்கின்றன. கதிர்வீச்சைப் பற்றி இன்னும் மனம் ஆறாதவர்களுக்கு, மத்திய தொலைத்தொடர்புத் துறை 2017-இல் தொடங்கிய 'தரங் சஞ்சார்' தளத்தில் 4,000 ரூபாய் கட்டணம் செலுத்தி, நம் வீட்டு வாசலிலேயே அளந்து காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. கோபுரம் எங்கே வந்தாலும் சரி, அந்தக் கட்டணத்தைத் தெருவார் பகிர்ந்துகொள்வதென்றால் என் பங்கை முதலில் தருகிறேன்.