நஹலால்: வட்டமாக வரையப்பட்ட ஓர் ஊர்

மார்ச் 3

வடக்கு இஸ்ரேலில், நாசரேத்துக்கு மேற்கே, ஜெஸ்ரீல் பள்ளத்தாக்கில் உள்ள நஹலாலின் செயற்கைக்கோள் படத்தை இன்று நெடுநேரம் பார்த்தேன். மோஷாவ் எனப்படும் கூட்டுறவு உழவர் ஊர்களுள் முதலாவதான இது, 1921 செப்டம்பர் 11 அன்று நிறுவப்பட்டது. ஜெர்மனியில் பிறந்த கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் காஃப்மன் வகுத்த திட்டப்படி நடுவில் பொதுக் கட்டடங்களும், அவற்றைச் சுற்றி வீடுகளும், ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் சக்கரத்தின் ஆரங்களைப் போல வெளிநோக்கி விரியும் வயல்களும் அமைந்துள்ளன. யாருடைய வீடும் ஊர் நடுவிலிருந்து மிகத் தொலைவில் இல்லை என்பதே இந்த வடிவத்தின் உண்மையான பயன். அழகு வானிலிருந்து பார்ப்பவருக்கு மட்டுமே.

மார்ச் 4

பெய்ரூட்டின் சுர்சூக் என்ற நிலவுடைமைக் குடும்பத்திடமிருந்து, யூதக் குடியேற்றத்துக்காக நிலம் வாங்கித் தந்த யெஹோஷுவா ஹான்கின் முயற்சியால் வாங்கப்பட்ட நிலம் இது. ஊற்றுநீர் தேங்கிய சதுப்பில் மலேரியா பரவியிருந்ததால், முதலில் வந்த யூதக் குடியேறிகள் அருகிலிருந்த குன்றில் கூடாரமிட்டுத் தங்கி, வடிகால் அமைத்து நீரை வெளியேற்றிய பிறகே கீழே குடியேறினார்கள். ஆனால் அந்தப் பகுதி ஆளில்லாத வெளியாக இருக்கவில்லை. இவ்வூரிலேயே வளர்ந்து இஸ்ரேலின் படைத்தளபதியாகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆன மோஷே தயான், 1969இல் ஹைஃபாவில் மாணவர்களிடம் பேசியபோது, மஹ்லூல் என்ற அரபு ஊர் இருந்த இடத்தில்தான் நஹலால் எழுந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

மார்ச் 6

இங்கிருந்த பெண்களுக்கான வேளாண் பள்ளியில், ஹங்கேரியிலிருந்து 1939இல் வந்த கவிஞர் ஹன்னா செனெஷ் பயின்றிருக்கிறார்.

மார்ச் 9

யூத வேளாண் முன்னோடியான எலியேசர் யோஃபே 1919இல் வெளியிட்ட சிறுநூலே மோஷாவுக்கு அடிப்படை. நிலம், யூதர்களுக்காக நிலம் வாங்கிய யூத தேசிய நிதியத்துக்கு உரியது; உழைப்பு குடும்பத்தினருடையது, கூலியாள் கூடாது; கொள்முதலும் விற்பனையும் கூட்டாக நடக்கும்; நோயோ இழப்போ வந்தால் ஊர் தாங்கும். தயானின் தந்தை உள்ளிட்ட சிலர் எல்லாம் பொதுவான கிப்புட்ஸ் வகைக் குடியிருப்பான தெகானியாவின் பொதுவுடைமை வாழ்வை விட்டு இங்கு வந்ததற்கு, தம் வீடு, தம் மாடு, தம் வயல் என்ற இந்த ஏற்பாடே காரணம் என எண்ணுகிறேன்.

இதில் எனக்கு மிகக் கடுமையாகத் தோன்றுவது வாரிசு விதி. பண்ணையைத் துண்டாடாமல் பிள்ளைகளுள் ஒருவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பதால், அயலாருக்கிடையே காக்கப்பட்ட சமத்துவம் உடன்பிறந்தாருக்கிடையே கிடைக்கவில்லை.

மார்ச் 10

1980களின் கடன் நெருக்கடி மோஷாவ்களைப் பெரிதும் உலுக்கியது. ஒருவருக்கொருவர் பிணை நின்றிருந்த காரணத்தால், சிக்கனமாகப் பண்ணை நடத்தியவரும் அயலாரின் கடனுக்குப் பதில் சொல்ல நேர்ந்தது. அதன்பின் பல ஊர்களில் கூட்டுக் கொள்முதலும் விற்பனையும் தளர்ந்து, அவரவர் கணக்கு அவரவருக்கு என்றாகிவிட்டது.