புள்ளி வைத்த ஒலிகள்

10 ஜூலை 2023, திங்கள்

ஒன்றாம் வகுப்புக்கு, எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டிச் சொற்களைப் படிக்கும் ஆங்கில ஒலிப்புமுறையை (phonics) இன்று தொடங்கினேன். ஏ, பி, சி என்று வரிசையாகப் போகாமல் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறு எழுத்துகளை எடுத்துக்கொண்டேன். இவற்றைக் கொண்டே 'பின்' (pin), 'டின்' (tin), 'சிட்' (sit), 'டிப்' (tip) எனப் பல சொற்களைக் கூட்டிவிடலாம். 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதும் மொழி அது. தமிழில் 'ப' என்பதே எழுத்தின் பெயர், அதுவே ஒலி. அப்படிப் பழகிய பிள்ளைகள், 'எஸ்' என்ற எழுத்தைச் சொல்லுக்குள் 'ஸ்' என்று மட்டும் ஒலிக்க வேண்டும் என்றதும் திகைத்தது இயல்புதான்.

12 ஜூலை, புதன்

முதல் வரிசைச் சிறுவன் 'பின்' என்ற சொல்லை "இப்... இ... இன்" என்று கூட்டி, "இப்பின்" என்று முடித்தான். மெய்யெழுத்துகளை இக், இங், இச் என்று இகரம் சேர்த்துச் சொல்லிப் பழகியதன் விளைவு இது. 'ப' என்று அகரம் சேர்த்துக் கற்பித்தாலும் 'ப-இ-ன' ஒருநாளும் 'பின்' ஆகாது. ஆகவே கரும்பலகையில் 'ப' எழுதி, அதன் தலையில் புள்ளி வைத்து, உதட்டை மூடித் திறக்கும் அந்தச் சிறு காற்றை மட்டும் உள்ளங்கையில் உணரச் சொன்னேன். ப் + இ = பி என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்த கணக்கு; அதனுடன் 'ன்' சேர்ந்ததும் சிறுவன் "பின்!" என்று கத்திவிட்டான். ஒலிகளைக் கூட்டிப் படிப்பதற்கு நம் புள்ளியைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை.

14 ஜூலை, வெள்ளி

'சிட்' என்பதைப் பலரும் 'சிட்டு' என்றே படித்தார்கள். வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழ் நாவுக்குப் பழக்கமில்லாததால் உகரம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. "சிட்டுக்குருவியா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். குருவி வேண்டாம், உட்கார்ந்தால் போதும் என்றேன். அதன்பின் 'சிட்' என்றதும் உட்கார்வதே விளையாட்டாயிற்று.

24 ஜூலை, திங்கள்

'பின்' (pin), 'பிக்' (big) ஆகியவற்றின் முதல் ஒலிகளை வேறுபடுத்தத் தொண்டையில் விரல் வைத்துப் 'பல்', 'கம்பு' என்று சொல்ல வைத்தேன். 'கம்பு' என்னும்போது தொண்டை அதிர்வதைக் கண்டுகொண்டார்கள். இரண்டு ஒலிகளும் அவர்கள் வாயில் ஏற்கெனவே இருந்தன. தமிழில் ஒரே எழுத்தாக இருப்பதால் தனித்தனியாகக் கேட்டதில்லை, அவ்வளவே.

4 ஆகஸ்ட், வெள்ளி

ஒரு தாய் 220 சொல்லட்டைகளை வாங்கி வந்து, நாளுக்குப் பத்தாக மனப்பாடம் செய்விக்கக் கேட்டார். அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936இல் வெளியிட்ட பட்டியல் அது. பெயர்ச்சொற்கள் இல்லாமல், குழந்தை நூல்களில் அடிக்கடி வரும் சொற்களைத் தொகுத்தது. அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் 'இன்', 'இட்', 'ரன்', 'பிக்' போன்றவற்றை ஒலி கூட்டியே படிக்கலாம். அவற்றையும் படம்போல மனப்பாடம் செய்விப்பது பிள்ளையின் உழைப்பை வீணடிப்பதாகும் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

'செட்' (said) என்ற சொல்லை எழுதிக் காட்டினேன். முதலில் உள்ள எஸ், கடைசியில் உள்ள டி இரண்டும் தம் ஒலியையே தருகின்றன. நடுவிலுள்ள ஏ, ஐ மட்டுமே 'எ' என்று மாறி ஒலிக்கின்றன. அந்த இரண்டைச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டதும் அவருடைய மகள் அருகில் வந்து, வட்டத்தின்மேல் விரலை ஓட்டியபடி, "இந்த ரெண்டு மட்டும்தான் சொன்ன பேச்சு கேக்காதா டீச்சர்?" என்று கேட்டாள். ஆம் என்றேன். திங்களன்று 'வாஸ்' (was) எழுதப் போகிறேன். அதில் வட்டமிடும் வேலை அவளுக்கு.