காவலன், பிறகு தூதன்: இறுதியாண்டு நாடக நாட்குறிப்பு

பிப்ரவரி 10

பாத்திரப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். முதுகலை இரண்டாம் ஆண்டின் இறுதித் தயாரிப்பு பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளிசின் ‘ஆன்டிகனி’. எனக்குக் காவலன் வேடம், கூடவே தூதன் வேடம். கிரியோன் வேடத்துக்கு வகுப்பில் பாதிப்பேர் ஆசைப்பட்டோம். அது யாருக்குப் போனதோ அவனுக்குக் குரல் இருக்கிறது, உயரம் இருக்கிறது, கோபம் வந்தால் கழுத்து நரம்பு கடைசி வரிசைவரை தெரியும். குறை சொல்ல ஒன்றுமில்லை.

கதை தெரியாதவர்களுக்காக: தீப்ஸ் நகரத்து அரியணைக்காக உடன்பிறந்தவர் இருவர் மோதி, ஒருவர் கையால் ஒருவர் சாகிறார்கள். தாய்மாமன் கிரியோன் அரசனாகிறான். ஒருவனுக்கு முறைப்படி அடக்கம்; படையெடுத்து வந்த மற்றவன், போலினைசிஸ், நாய்க்கும் கழுகுக்கும் இரை. அவனைப் புதைப்பவருக்கு மரண தண்டனை. தங்கை ஆன்டிகனி புதைக்கிறாள். அவளை மணக்கவிருப்பவன் கிரியோனின் மகன் ஹீமோன். மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.

இரட்டை வேடத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம் என்று இயக்கும் பேராசிரியர் சமாதானம் சொன்னார். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்சில் பேசும் பாத்திரங்கள் அனைத்தையும் மூன்றே நடிகர்கள் முகமூடி மாற்றி ஏற்றார்கள். மூன்றாவது நடிகரைக் கொண்டுவந்தவரே சோபக்ளிஸ்தான் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். எல்லாம் சரி. அந்த மூவரில் ஒருவர் கிரியோனாகவும் வந்திருப்பாரே, அதைப் பேராசிரியர் சொல்லவில்லை.

நடிப்போடு ஆளுக்கொரு பின்னரங்கப் பொறுப்பும் உண்டு, அதற்கும் மதிப்பெண். எனக்கு அரங்கப் பொருட்கள்.

பிப்ரவரி 14

மேசை வாசிப்பு தொடர்கிறது. யாரும் நடிக்கக்கூடாது, வாசிக்க மட்டும் வேண்டும். இந்த முறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் மாஸ்கோ கலை அரங்கத்தின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. மாதக்கணக்கில் மேசையைச் சுற்றி உட்காரவைத்தவர், கடைசிக் காலத்தில் நடிகர்களைச் சீக்கிரமே எழுப்பி நடமாட விட்டார். மனத்தைப் பிடிக்க உடலின் செயல் வழியாகப் போகலாம் என்பது அவருடைய பிற்காலத்து முடிவு. எங்கள் பேராசிரியர் இன்னும் மேசையில்தான் இருக்கிறார்.

ஆனாலும் பயன் இல்லாமல் இல்லை. காவலன் என்ன செய்கிறான் என்று கேட்டார். பயப்படுகிறான் என்றேன். அதை உன்னால் செய்ய முடியாது, செய்யக்கூடிய ஒரு வினை சொல் என்றார். தள்ளிப்போடுகிறான் என்றேன். அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். உண்மைதான். பிணத்தின்மேல் யாரோ மண் தூவிவிட்டார்கள். அந்தச் செய்தியைச் சொல்லப் போவது யார் என்று காவலர்கள் சீட்டுப் போட்டுப் பார்க்க, சீட்டு இவன் பேருக்கு விழுகிறது. வந்தவன் செய்தியைத் தவிர மற்றதையெல்லாம் பேசுகிறான்: வழியில் நின்றது, திரும்பிப்போக நினைத்தது, தன் மனம் தன்னோடு வாதாடியது. ‘தள்ளிப்போடு’ என்று வைத்துக்கொண்டதும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை வந்துவிட்டது.

பிப்ரவரி 20

குரல் பயிற்சி, காலை ஆறு மணிக்கு. உதரவிதானம், விலா விரிவு, மார்பிலும் முகத்திலும் அதிர்வு, பிறகு பிரதி. குகையில் அடைக்கப்பட்ட ஆன்டிகனி தூக்கிட்டுக்கொண்டதையும் ஹீமோன் தன்னையே குத்திக்கொண்டதையும் சொல்லும் தூதனின் பேச்சு நாடகத்திலேயே நீளமான பேச்சுகளில் ஒன்று. எங்கே மூச்சு வாங்குவது என்று பென்சிலால் கோடு போட்டுவைத்திருக்கிறேன்.

குரல் ஆசிரியை இன்று சொன்ன ஒன்றைத் தமிழில் நடிப்பவர் எல்லாரும் சுவரில் ஒட்டிவைக்கலாம். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. நடிகருக்கு மூச்சும் கடைசியில்தான் தீர்கிறது. “கழுத்தில் துணி முடிச்சோடு அவள்” என்பது வரை கணீரென்று கேட்கிறது. “தொங்கினாள்” என்பது சட்டைப் பைக்குள் போய்விடுகிறது. செய்தியே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. ஆகவே மூச்சை முன்பாதியில் செலவழிக்காமல் வினைக்கென்று ஒதுக்க வேண்டும்.

ஒலிபெருக்கி இல்லாத நாளில் நாடக மேடையில் எட்டுக்கட்டைக் குரலில் பாடினார்கள் என்று பாடகர்-நடிகர் கிட்டப்பா காலத்துக் கதைகளை அவர் சொல்லும்போது எங்களுக்கு வெட்கமாக இருக்கும். எங்கள் அரங்கில் பின்வரிசை அப்படியொன்றும் தொலைவில் இல்லை.

பிப்ரவரி 27

தெருக்கூத்துப் பயிற்சி வகுப்புகள் முடிந்தன. செய்யாறு பக்கத்திலிருந்து வந்த வாத்தியார் காலையில் அடவு, மாலையில் பாட்டு என்று வாட்டி எடுத்துவிட்டார். முழங்கால் என்னிடம் பேசுவதில்லை.

கூத்தில் அறிவிப்பாளனும் கோமாளியுமாக வரும் கட்டியங்காரனையும் காவலனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று முன்பே நினைத்திருந்தேன். திரைக்குப் பின்னால் நிற்கும் ராசாவிடம் நீர் யார் என்று கேட்கிற உரிமை கட்டியங்காரனுக்கு மட்டுமே உண்டு. அரசனோடும் பேசுவான், சனத்தோடும் பேசுவான். காவலனுக்கு அந்த உரிமை கிடையாது. இருந்தாலும் வாயை அடக்க முடியாமல், தீர்ப்புச் சொல்பவனே தப்பாகத் தீர்மானித்தால் அது கொடுமை என்று கிரியோனின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான்.

வாத்தியாரிடம் காட்சியை நடித்துக் காட்டினேன். பேச்சை விடு, கால் என்ன செய்கிறது என்றார். இரண்டு எட்டு முன்னால், ஒரு எட்டு பின்னால் என்று ஒரு நடை போட்டுக் கொடுத்தார். மத்தளத்தோடு முதலில், பிறகு மத்தளம் இல்லாமல். கூத்தின் சாயல் வெளியே தெரியவில்லை. காவலன் வந்துவிட்டான்.

மார்ச் 6

பிளாக்கிங், அதாவது மேடையில் யார் எங்கே நிற்பது, நகர்வது என்று வகுப்பது. தூதன் எங்கே நிற்பது என்பதில் ஒரு மாலை முழுவதும் போனது.

அவன் செய்தி சொல்வது அரசி யூரிடிசியிடம், ஹீமோனின் தாயிடம். அவளைப் பார்த்துச் சொன்னால் பார்வையாளருக்கு என் பக்கவாட்டு முகம்தான். பார்வையாளரைப் பார்த்துச் சொன்னால் அவள் எதற்கு அங்கே? பேராசிரியர் மூன்றாவதாக ஒரு வழி வைத்தார்: குகையைப் பார். பார்வையாளரின் தலைக்குமேல் ஓரிடத்தில் குகை வாயிலை நிலைநிறுத்து, அதற்குள் நடப்பதைக் கண்ணால் பின்தொடர்.

முதலாம் ஆண்டில் கேரளத்துக் கூடியாட்டக் கலைஞர் ஒருவர் எங்களுக்கு எடுத்த கண் பயிற்சி இப்போதுதான் கைகொடுக்கிறது. இராவணன் கைலாசத்தைப் பெயர்த்தெடுக்கும் கட்டத்தில் மேடையில் மலையும் இல்லை, பேச்சும் இல்லை. நடிகரின் கண் அடிவாரத்திலிருந்து மெல்ல ஏறுகிறது, நமக்குக் கழுத்து வலிக்கிறது. அம்மன்னூர் மாதவ சாக்கியார் செய்ததன் பதிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் அன்று பென்சில் நுனியைப் பார்த்து இடவலமாகவும் வட்டமாகவும் கண்ணை உருட்டிவிட்டு, தலைவலி என்று விடுப்பு எடுத்தோம்.

மார்ச் 12

மாசிமகம். ஒத்திகை இல்லை. புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகளும் சனமுமாகக் கால் வைக்க இடமில்லை.

கூட்டத்திலிருந்து விலகி நின்ற இடத்தில் ஒரு மீனவப் பெரியவர், வெளியூர்க்காரர் ஒருவரிடம் பல வருடத்துக்கு முன் படகு கவிழ்ந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூடப் போன மைத்துனர் திரும்பவில்லை. ஒட்டுக்கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். நடிப்பு மாணவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. அவர் குரல் எங்கும் தழுதழுக்கவில்லை. வலை எந்தப் பக்கம் கிடந்தது, காற்று எந்தத் திசை, எரிபொருள் கேன் எப்படி மிதந்தது என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். படகு கவிழ்ந்த இடத்தைச் சொல்லும்போது கேட்பவரின் முகத்தைப் பார்க்கவே இல்லை, கை நீட்டிய திசையில் கடலைப் பார்த்தார். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தார், புரிந்ததா என்பதுபோல. கண் கலங்கியிருந்தது கேட்டவருக்கு.

அறைக்கு வந்து என் பிரதியில் ‘துயரத்துடன்’, ‘குரல் நடுங்க’ என்று எழுதிவைத்திருந்த குறிப்புகளையெல்லாம் அழித்தேன்.

தூதனின் பேச்சும் அந்தப் பெரியவர் சொன்னது போலத்தான் இருக்கிறது. முதலில் போலினைசிஸின் மிச்சத்தைக் கழுவி எரித்து மேடு எழுப்பினோம், பிறகு குகைக்குப் போனோம் என்கிறான். முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்தை அடக்கம் செய் என்றுதான் கோரஸாக வரும் நகரத்து முதியோர் கிரியோனுக்குச் சொல்லியிருந்தார்கள். அவன் மாற்றிச் செய்தான். தூதன் இதைக் குத்திக்காட்டுவதில்லை, நடந்த வரிசையில் சொல்கிறான். அந்த வரிசைதான் நெஞ்சைப் பிடிக்கிறது.

மார்ச் 19

அரங்கப் பொருட்கள். ஹீமோனின் உடலோடு கிரியோன் வர வேண்டும். எங்கள் ஹீமோன் உடற்பயிற்சிக்கூடத்தின் செல்லப் பிள்ளை, எங்கள் கிரியோன் மெலிந்தவன். தூக்கிப் பார்த்ததில் சோக நாடகம் வேறு வகையாகிவிட்டது. பொம்மை உடல் என்றொரு யோசனை. கை கால் தொங்குவதில் உயிர் இல்லை என்று தள்ளினோம் (பிணத்துக்கு உயிர் வேண்டும் என்று நாடகக்காரர்கள்தான் சண்டை போடுவார்கள்). கடைசியில் கோரஸ் நால்வர் தடித்த துணியில் கிடத்திச் சுமக்க, கிரியோன் தலைமாட்டைத் தாங்கி வருவதாக முடிவானது. துணியின் நான்கு முனையிலும் கயிறு வைத்து இரட்டைத் தையல் போட்டாயிற்று.

ஆன்டிகனி கைப்பிடியில் அள்ளும் மண்: கடல் மணல் விளக்கொளியில் தெரியவில்லை, காய்ந்த செம்மண் கோரஸின் தொண்டைக்குள் போகிறது. செம்மண்ணைச் சலித்து லேசாக நீர் தெளித்து வைத்தால் விழுவதும் தெரிகிறது, புழுதியும் இல்லை.

மார்ச் 27

உலக நாடக நாள். 1962இல் முதல் செய்தியை எழுதியவர் பிரெஞ்சு எழுத்தாளர் ழான் காக்டோ. அன்று தொடங்கி ஆண்டுதோறும் ஒருவர் எழுதுகிறார், உலகமெங்கும் வாசிக்கிறார்கள். நாங்களும் வாசித்தோம். பிறகு வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை. நாடக நாள் அன்று ஒத்திகை அரங்கு எங்களுக்குக் கிடைத்தது இரவு எட்டு மணிக்கு.

முதல்முறையாக நிறுத்தாமல் முழு ஓட்டம். நீளம் அதிகம், கோரஸ் பாட்டுகள் இழுக்கின்றன.

ஏப்ரல் 3

தொழில்நுட்ப ஒத்திகை. இதில் நடிகர் மனிதரல்ல, நிறுத்திவைக்கும் பொருள். ஒரு வரி சொல்லி நிற்க வேண்டும், விளக்கு மாறும், குறித்துக்கொள்வார்கள், அடுத்த கியூ. மேடை மேலாளராக இருக்கும் எங்கள் இஸ்மேனி (ஆன்டிகனியின் சகோதரி வேடம்), நாடகத்தில் பயந்த சுபாவம்; ஹெட்செட் மாட்டினால் கிரியோனே நடுங்குகிறான்.

விளக்கமைப்புச் செய்யும் தோழனுக்கும் எனக்கும் வாக்குவாதம். குகைப் பேச்சுக்கு உச்சி விளக்கும் பக்க விளக்கும் மட்டும் போதும், சிற்பம் போலத் தெரிவாய் என்கிறான். உச்சி விளக்கு புருவ நிழலைக் கண்குழியில் கொட்டிவிடும். இந்தப் பேச்சே கண்ணில் நடக்கிறது. முன்பக்கத்தில் ஏறக்குறைய நாற்பத்தைந்து டிகிரியில் ஒரு ஃபிரனெல் விளக்கு வேண்டும் என்றேன். பேராசிரியர் இருவரையும் கேட்டுவிட்டு, முன்விளக்கைக் குறைந்த அளவில் வைத்து, உடல் கிடைத்த கட்டத்தில் மட்டும் ஏற்றச் சொன்னார். தோழன் இன்னும் முறைக்கிறான்.

ஏப்ரல் 8

முழு ஒப்பனை ஒத்திகை. கத்திரி வெயில் தொடங்கவே இல்லை, அதற்குள் உடைகள் உடம்போடு ஒட்டுகின்றன. நடுவில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் வரும்வரை கோரஸ் இருட்டிலேயே பாடிக்கொண்டிருந்தது. அந்த இருட்டை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

யூரிடிசி நடிப்பவள் தொடக்கத்திலிருந்து மனக்குறையோடு இருந்தாள். மொத்தமே பத்து வரிகூட இல்லை. செய்தியைக் கேட்கிறாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போகிறாள், பிறகு அவள் இறந்த செய்திதான் வருகிறது. இன்று நான் பேசிக்கொண்டிருந்தபோது அவள் இடக்கை மட்டும் சேலை மடிப்பை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் நகர்ந்து, “வாளைத் தன் விலாவில்” என்ற இடத்தில் நின்றது. அரங்கில் இருந்த ஐந்தாறு பேரும் என்னைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த நீண்ட பேச்சை எழுதியவர் எனக்காக எழுதவில்லை, அவள் வாய் திறக்காமல் போவதற்காக எழுதியிருக்கிறார். நான் அழுது தொலைத்தால் அவள் எங்கே போவாள்?

ஏப்ரல் 11

முதல் காட்சி. பக்கத்துக் கிராமத்திலிருந்தும் வந்திருந்தார்கள், முன்வரிசையில் வெளித்தேர்வாளர் குறிப்பேட்டோடு.

காவலன் காட்சிக்கு நாங்கள் எதிர்பாராத இடத்தில் சிரிப்பு: ஆன்டிகனியைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தி, தான் தப்பித்தது சந்தோஷம், தெரிந்தவர்களை மாட்டிவிடுவது கஷ்டம், ஆனாலும் தன் உயிர்தான் பெரிது என்கிறானே, அந்த இடம். சிரித்துவிட்டுச் சட்டென்று அடங்கினார்கள்.

குகைப் பேச்சில் வினைகள் எல்லாம் கேட்டன என்று குரல் ஆசிரியை சொன்னார். அவர் வேறெதுவும் சொல்லவில்லை. அவரிடமிருந்து அதுவே அதிகம். துணி கிழியவில்லை.

ஏப்ரல் 13

நேற்று இரண்டாம் காட்சி. காவலனுக்கு ஒரு சிரிப்புக்கூட இல்லை, நடை பேச்சு எதுவும் மாறவில்லை. கூட்டம் அப்படி.

இன்று வாய்மொழித் தேர்வு. மகன் இறந்த செய்தியைச் சொல்பவன் இவ்வளவு வறட்சியாக இருக்கலாமா என்று தேர்வாளர் கேட்டார். யூரிடிசி போனபோது நீங்கள் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் ஐயா என்று திருப்பிக் கேட்டேன். பேராசிரியர் மேசைக்கடியில் என் காலைத் தேடினார். தேர்வாளர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, அவளைத்தான் என்றார். மதிப்பெண் எவ்வளவு என்பது ஜூனில் தெரியும்.

வாடகை விளக்குகள் மாலை வண்டியில் ஏறிவிட்டன. வாத்தியார் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார்: சித்திரையில் பாரதக் கூத்து வரிசையாக இருக்கிறது, கட்டியங்காரனுக்குத் துணையாக ஒரு ஆள் வேண்டும், முழங்கால் சரியாகிவிட்டதா என்று. சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை செய்யாறு பஸ்.