கைரேகை

இ-சேவை மையத்தில் எனக்கு முன்னால் ஓர் அம்மா. பையனுக்கு மூளை முடக்குவாதம். கை இறுக மூடியே இருக்கிறது. ஆதார் புதுப்பிக்கக் கைரேகை வைக்க வேண்டும்.

ஒவ்வொரு விரலாக நீவிப் பிரித்தார். கருவி ஏற்கவில்லை. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி.

அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். விளையாட்டு என்று நினைத்திருப்பான் போல.

பராமரிப்பு உதவித்தொகைக்காகத்தான் இந்தப் பாடு. மாதம் 2000 ரூபாய்.

"கெடச்சா டயப்பர் செலவு போயிரும் தம்பி. ஆட்டோவுக்கு எப்படியாச்சும் பாத்துக்குவேன்."

அந்த ஆட்டோதான் யார் கணக்கிலும் வருவதில்லை. நாம் டவுன் பஸ்ஸில் போய்விடுவோம். பதினைந்து வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு அவர் எப்படி ஏறுவார்?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான இதேபோன்ற திட்டங்களைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக உதவி தரச் சொல்கிறது. கூடுதல் செலவு உண்டு என்று சட்டத்துக்கே தெரியும். அதை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டியிருப்பதுதான் எரிச்சல்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை (யுடிஐடி), பாஸ்புக் நகல் எல்லாம் ஒரு துணிக்கடைக் கவரில் பத்திரமாக இருந்தன. பணம் வரத் தொடங்கியபின் ஆண்டுதோறும் பையன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கான வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. கவர் மேலேயே எழுதிக் கொடுத்தேன்.