வால்வு மாற்றியது அரை மணி, வாங்கியதுதான் பெரும்பாடு

பதிவுக் கருவியில் வால்வை, அதாவது பழைய ரேடியோக்களில் இருந்த மாதிரி காற்றில்லாத கண்ணாடிக் குழாயை, மாற்றுவது அரை மணி நேர வேலை. நல்ல வால்வு கைக்கு வந்து சேர்வதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

குளச்சல் பக்கம் மாடியறையில் பாட்டுப் பதிவு செய்கிறேன். சர்ச் கொயர், வில்லுப்பாட்டு, எது வந்தாலும் சரி. சத்தம் திடீரென ஏறினால் அமுக்கிச் சமப்படுத்துகிற பெட்டிதான் கம்ப்ரஸர். என்னுடையது ஒளியால் வேலை செய்கிற ஆப்டிகல் வகை, சேனலுக்கு ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு. ஆனி மழை பிடித்ததும் இடது சேனலில் பொரிகிற சத்தம். இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போட்டேன். சத்தமும் வலது பக்கம் போய்விட்டது. அப்படியென்றால் கோளாறு வால்வில். அதே பக்கம் நின்றிருந்தால் சாக்கெட்டையோ போர்டையோ பார்க்கவேண்டும். காசில்லாத சோதனை, முதலில் இதைச் செய்துவிடுங்கள்.

ஆப்டிகல் பெட்டியில் சத்தத்தை அமுக்குவது வால்வு இல்லை. ஒரு விளக்கும், வெளிச்சம் பட்டால் தடை குறைகிற ஒரு செல்லும்தான். புகழ்பெற்ற எல்ஏ-2ஏ கம்ப்ரஸரிலும் அப்படியே. வால்வே அமுக்குவது ஃபேர்சைல்டு 670 மாதிரி வேரி-மியூ வகையில். ஆகவே, விலை கூடிய வால்வு போட்டால் அட்டாக்கும் ரிலீஸும் (அமுக்கத் தொடங்கும் வேகமும் விடும் வேகமும்) மாறும் என்று யாராவது விற்க வந்தால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். மாறுவது இரைச்சலும் குரலின் நிறமும்தான்.

என் பெட்டியில் அவுட்புட் குமிழைக் கால்வாசி திருப்பினாலே கொயர் கரகரக்கும். அதனால் பெருக்கம் குறைந்த 12ஏயூ7 வால்வு போடலாம் என்று முடிவு செய்தேன். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100, 12ஏயூ7-க்கு 20-க்குப் பக்கம். கால் பின்களின் அமைப்பும், வால்வைச் சூடாக்குகிற ஹீட்டரின் இணைப்பும் இரண்டிலும் ஒன்றே. ஆனாலும் உங்கள் சர்க்யூட் ஏற்குமா என்று மேனுவலைப் பாருங்கள். 6922 என்கிற வால்வை மட்டும் அதிலும் ஒன்பது பின் இருக்கிறதே என்று சொருகிவிடாதீர்கள், அதன் ஹீட்டர் இணைப்பு வேறு.

ஆன்லைனில் மேட்ச்டு ஜோடி (அளந்து பார்த்து ஒத்துப்போகிற இரண்டு வால்வு) ஒன்று ஆர்டர் போட்டேன். நான் வாசலிலேயே உட்கார்ந்திருக்க, ‘வீடு பூட்டியிருந்தது’ என்று கூரியரிலிருந்து மெசேஜ். நாகர்கோவில் ஆபீஸுக்குப் போனால் பார்சல் வண்டியில் போய்விட்டதாம். மறுபடி போனபோது ஒரிஜினல் ஆதார் வேண்டும் என்றார்கள். பெட்டியோ ஒரு மூலை நசுங்கி இருந்தது. வாங்கின இடத்திலேயே போனில் வீடியோ எடுத்தபடிதான் பிரித்தேன்.

ஒரு வால்வு சரி. இன்னொன்றின் உச்சியில் வெள்ளி நிறப் பூச்சு இருக்கவேண்டிய இடம் பால் மாதிரி வெளுத்திருந்தது. கண்ணாடி எங்கோ விரிசல் விட்டு உள்ளே காற்று புகுந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கஸ்டமர் கேரில் சொன்னேன். “சார், அதை மெஷின்ல போட்டு எரியுதான்னு வீடியோ அனுப்புங்க” என்றார்கள். காற்றுப் புகுந்த வால்வை என் பெட்டியில் எதற்குச் சொருகவேண்டும்? எத்தனை முறை சொன்னாலும் அதே பதில். பிரித்தபோது எடுத்த வீடியோவை அனுப்பிய பிறகுதான் இறங்கி வந்தார்கள். அதுவும் பாதிப் பணம்தான். ஜோடி என்று விலை சொல்லி விற்றுவிட்டு, திருப்பித் தரும்போது மட்டும் ஒற்றைக் கணக்கு!

தக்கலையில், ஒரு காலத்தில் மைக் செட் ஓட்டிய அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். வெளுத்ததைப் பார்த்த உடனே, “மக்ளே, இதுல காத்து ஏறிட்டு. சொருவிப் பாக்காத, கேட்டியா” என்றார். டிராயரைத் துழாவி, தாளில் சுற்றிய ஈசிசி82 ஒன்றை எடுத்துத் தந்தார். ஐரோப்பியப் பெயர், ஆள் அதே 12ஏயூ7. காசு வாங்கவில்லை. “சாக்கெட்டு பிடி லூசா இருக்கும், பாத்துக்கோ” என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் பிளக்கைப் பிடுங்கி, நேரம் விட்டு, கெப்பாசிட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். இதில் சோம்பல் கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை வாங்குகிற மின்சாரம் அதில் தங்கியிருக்கும். அண்ணாச்சி சொன்னது சரியாக இருந்தது. கடல் காற்றில் சாக்கெட் பிடிகள் கறுத்து, ஒன்றிரண்டு அகன்றும் கிடந்தன. கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, ஊசி முனையால் மெதுவாக உள்ளே நெருக்கிவிட்டேன். வால்வைச் சுற்றித் திருகாமல் நேராக அமுக்கினால் போதும்.

இரண்டும் வேறு வேறு கம்பெனி என்பதால் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் விட்டு அவுட்புட்டைச் சமமாக்கினேன். வலது குமிழ் ஒரு கோடு கூடுதலாக நிற்கிறது, அவ்வளவுதான். பென்சிலால் தட்டி ஸ்பீக்கரில் கேட்டால் அண்ணாச்சியின் வால்வு சத்தமில்லாமல் கம்மென்று இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதுதான் லேசாக ‘டிங்’ என்கிறது. கொயர் இப்போது கரகரப்பில்லாமல் வருகிறது, குமிழையும் பாதி வரை திருப்ப முடிகிறது. அந்தப் பாதிப் பணம் இன்னும் அக்கவுண்டில் ஏறவில்லை.