மொய் நோட்டும் கிரெப்பும்

உசிலம்பட்டிப் பக்கம் மொய் நோட்டு என்றால் சொத்துப் பத்திரத்துக்கு அடுத்த மரியாதை. சித்தப்பா வீட்டுக் காதுகுத்து நோட்டும் பீரோவில்தான் பூட்டிக் கிடந்தது. என்ன தோன்றியதோ, ஒரு டிடிபி கடையில் கொடுத்து அடிக்கச் சொல்லி, பென் டிரைவில் டெக்ஸ்ட் ஃபைலாக வாங்கி வந்துவிட்டார். வரிக்கு ஒரு ஆள். பேர், ஊர், தொகை, நடுவில் கமா.

"இதுல கோபால் எவ்வளவு செஞ்சிருக்கான்னு பாருடா. நாளைக்கு அவன் வீட்டுல விசேஷம்."

லினக்ஸ் கணினியில் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, கேட்ட சொல் இருக்கும் வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும் கிரெப் (grep) கட்டளையைப் போட்டு 'கோபால்' என்று அடித்தேன். ஒரு வரிகூட வரவில்லை.

"அப்ப அவன் செய்யவே இல்லியா? மூணு பந்தி சாப்பிட்டானேடா!"

ஃபைலைத் திறந்தால் கோபால் 501 ரூபாயோடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். கடைக்காரர் பழைய ஃபான்டில் அடித்து, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றியிருக்கிறார். நான் அடித்த 'கோ'வில் ககரமும் ஓகாரக் குறியும் என இரண்டே துண்டு. அவர் ஃபைலில் அதே 'கோ' ககரம், இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டாகக் கிடக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கிரெப்புக்கு வேறு வேறு ஆள். 1973-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் அதை எழுதியபோது யூனிகோடே கிடையாது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும் செட் (sed) கட்டளை ஒன்று போட்டு எல்லாக் கொம்பையும் காலையும் சேர்த்துவைத்தேன். கோபால் மானம் தப்பியது.

"சரி, 501 செஞ்சவன் எல்லாரையும் எடு."

வெறுமனே 501 என்று தேடினால் 1501, 2501 எல்லாம் சேர்ந்து வரும். வந்தது. சித்தப்பாவுக்கு அதில் மகிழ்ச்சிதான், பட்டியல் நீளமாக இருந்ததே! ஆக் (awk) என்ற கருவிக்கு மாறினேன். கமாவை வைத்து வரியைப் பிரித்து, மூன்றாவது பத்தி சரியாக 501 ஆக இருந்தால் மட்டும் காட்டு என்றால் காட்டும். மொத்தத்தையும் கூட்டித் தரும். ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிஹான் மூவரும் 1977-இல் மொய்யை நினைத்து அதைச் செய்திருக்க மாட்டார்கள், ஆனால் மொய் நோட்டுக்கு இதைவிடத் தோதான கருவியை நான் பார்த்ததில்லை.

பேச்சுவாக்கில் கிரெப்பில் மைனஸ் வி என்று ஒன்று உண்டு, கேட்டதை விட்டுவிட்டு மீதியைக் காட்டும் என்றேன். சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப வராதவன் லிஸ்ட்டை எடு."

"ஃபைல்ல இருக்கிற வரியைத்தான் சித்தப்பா அது காட்டும். வராதவங்க பேரு ஃபைல்லயே இல்லையே."

"மைனஸுன்னு சொன்னியே!"

விளக்க வாயெடுத்தேன். அடுப்படியிலிருந்து சித்தி குரல் வந்தது. பத்திரிகை வைத்தும் வராதவர்களை ஊர்வாரியாக, உறவு முறையோடு, சொன்ன சாக்கையும் சேர்த்து, மூச்சு விடாமல் ஒப்பித்துக்கொண்டே போனார். சித்தப்பா என்னைத் தட்டி, "அடி, அடி, விடாம அடி" என்றார்.

மூன்றாவது பேர் என் மாமனார்.